ஆல்டர்மன் வீட்டுக் குப்பைக்கூடை

தமிழ் நாவலில் அரசியல்வாதிக்கு வீடு கிடையாது. மேடை உண்டு, கார் உண்டு, கட்சி ஆபீஸ் உண்டு, தேவைப்பட்டால் ஊருக்கு வெளியே ஒரு சின்ன வீடுகூட உண்டு. ராத்திரி பத்து மணிக்கு அவன் சாப்பிட உட்காருகிற இடம்தான் இல்லை. பரிமாறுகிறவள் அன்று ரேஷன் கடை க்யூவில் என்ன வசவு கேட்டுக்கொண்டு வந்தாள், பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் பையனைப் பள்ளிக்கூடத்தில் என்ன பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் நம் நாவலாசிரியர்களுக்கு விஷயமாகப் படவில்லை. தியாகி, அயோக்கியன் என்று இரண்டு அச்சுகள் தயாராக இருக்கின்றன. இரண்டுக்குமே குடும்பம் அநாவசியம்.

மந்திரி, எம்.எல்.ஏ. விஷயத்தில் இதைப் பெரிய குறையாகச் சொல்லமாட்டேன். அவர்களுக்கும் ஜனங்களுக்கும் நடுவில் பி.ஏ. இருக்கிறார், போலீஸ் இருக்கிறது, தூரம் இருக்கிறது. பஞ்சாயத்துத் தலைவருக்கும் வார்டு மெம்பருக்கும் இந்தத் தூரம் வாய்ப்பதில்லை. தெருவிளக்கு எரியவில்லை என்று திட்டுகிறவன் எதிர்வீட்டுக்காரன். ஆக்கிரமிப்பு என்று இடிக்கவேண்டிய திண்ணை சித்தப்பாவுடையது. காலையில் எந்த வீட்டுக்கு நோட்டீஸ் அனுப்பினாரோ சாயங்காலம் அதே வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகவேண்டும். உள்ளூர் அரசியல் நடப்பதே வீட்டில்தான். வீட்டை விட்டுவிட்டு அதை எழுதுகிறவன் எதை எழுதுகிறான் என்று எனக்குப் புரிந்ததில்லை.

சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' 1966இல் வந்தது. முனிசிபல் அரசியலை ஒரு கலைஞனின் கண்ணோடு பார்த்த நாவல். ஆனால் அந்தக் கண் கடைத்தெருவின் மேல் இருக்கிறது. அந்த நாவலுக்கு அதுதான் சரியும்கூட. 1973இல் வந்த அசோகமித்திரனின் 'தண்ணீர்' குழாயின் இந்தப் பக்கம் நிற்கிறவர்களின் கதை. அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு முகம் கிடையாது. அதே 1973இல் சென்னை மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது என்பதை இத்துடன் சேர்த்துப் பார்க்கலாம். மறு தேர்தல் 1996இல்தான். கிராமங்களிலும் 1970, அதற்குப் பிறகு 1986, அதற்குப் பிறகு 1996. யதார்த்தம் என்றால் என்ன என்று நமது சிறுபத்திரிகைகள் ஒன்றையொன்று குத்திக் கிழித்துக்கொண்டிருந்த அந்த இருபது சொச்ச வருஷங்களில் சென்னை எழுத்தாளன் எவன் தெருவிலும் கவுன்சிலர் என்று ஒரு ஜந்து இருக்கவில்லை. பார்க்காததை எழுதவில்லை என்று அவர்களை விட்டுவிடலாம். பின்னால் வந்தவர்களுக்கு இந்தச் சமாதானம் செல்லாது. என் கண்ணில் பட்டவரை அவர்களும் பழைய அச்சுகளையே துடைத்துப் பயன்படுத்துகிறார்கள்.

இந்த அனுபவத்துக்கு என்ன உருவம் பொருந்தும் என்று யோசிக்கிறபோதெல்லாம் எனக்கு ஒரு இங்கிலீஷ் நாவல் ஞாபகத்துக்கு வருகிறது. பி.ஏ. வகுப்பில் பாடமாக இல்லாத காரணத்தால் ரசித்துப் படிக்க முடிந்த நாவல். வினிஃப்ரெட் ஹோல்ட்பி எழுதிய 'ஸவுத் ரைடிங்'. 1936இல் வெளிவந்தது, அதற்கு முந்தின செப்டம்பரிலேயே ஹோல்ட்பி சிறுநீரக வியாதியால் 37 வயதில் இறந்துவிட்டார். நவீன நாவல் என்று நாம் மூச்சு விடாமல் ஒப்பிக்கிற பெயர் ஜாபிதாவில் இவர் கிடையாது. 1932இல் வர்ஜினியா உல்ஃபைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியவர்தான். இருந்தும் தன் நாவலை உல்ஃபின் வழியில் எழுதவில்லை. சந்தைக்கூட்டம் மாதிரி பாத்திரங்கள், ஆரம்பம், முடிவு, சாவுகள், கல்யாணங்கள் எல்லாம் பழைய பாணி. உருவம் ஒன்றுதான் புதிது.

யார்க்‌ஷயரில் வடக்கு, கிழக்கு, மேற்கு என்று மூன்று ரைடிங்குகள் இருந்தன, தெற்கு இருந்ததில்லை. இல்லாத தெற்கைச் சிருஷ்டித்து அதற்கு ஒரு கவுன்சிலையும் கொடுத்தார் ஹோல்ட்பி. அவருடைய தாயார் ஆலிஸ் ஹோல்ட்பி நிஜமான கிழக்கு ரைடிங் கவுன்சிலின் முதல் பெண் ஆல்டர்மன். ஆல்டர்மன் என்பது கவுன்சிலர்களே கூடித் தேர்ந்தெடுக்கும் மூத்த உறுப்பினர். தாயார் குப்பைக்கூடையில் போட்ட கவுன்சில் நடவடிக்கைத் தாள்களை மகள் பொறுக்கி எடுத்து வைத்துக்கொண்டாள் என்று சொல்வார்கள். நாவலின் உருவம் அந்தக் கூடையிலிருந்து வந்தது. எட்டுப் பாகங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கமிட்டியின் பெயர். கல்வி, சாலைகளும் பாலங்களும், விவசாயம், சுகாதாரம், ஏழைகள் நிவாரணம், மனவளர்ச்சிக் குறைவு, நிதி, வீட்டு வசதி. பாகத்தின் தலையில் கமிட்டி நடவடிக்கையிலிருந்து ஒரு துண்டு, உயிரில்லாத ஆபீஸ் பாஷையில். அதற்குக் கீழே அந்தப் பாஷை யார் யார் வீட்டுக்குள் எந்த வழியாக நுழைந்தது என்பது. முன்னுரையே தாயாருக்கு எழுதிய கடிதம்தான். சபையில் நிறைவேறுகிற வறண்ட தீர்மானங்கள் எங்கேயோ சிலருடைய வாழ்க்கையைத் தலைகீழாக்குவதைக் கண்டுகொண்ட ஆச்சரியத்தை அதில் சொல்கிறார்.

ராபர்ட் கார்ன் கடனில் முழுகிக்கொண்டிருக்கும் மிராசுதார், கவுன்சிலர், பெண்கள் பள்ளிக்கூடத்தின் நிர்வாகக் குழுவிலும் இருக்கிறான். மனைவி மனநோய் விடுதியில். அந்தச் செலவே அவனைத் தின்கிறது. பள்ளிக்கு வரும் புதுத் தலைமையாசிரியையை அவனுக்குப் பிடிக்கவில்லை. ஒரே மகள் மிட்ஜை, தொட்டாற்சுருங்கியாகவும் பிடிவாதக்காரியாகவும் வளர்ந்துவிட்ட பெண்ணை, அவளிடமே அனுப்ப வேண்டியிருக்கிறது. இன்னொரு கவுன்சிலர், ஹக்கின்ஸ், ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கம் செய்கிறவன். ஒரு பெண் விவகாரத்தில் மாட்டிக்கொண்டு, வாயடைக்கப் பணம் வேண்டி, கவுன்சில் வீடு கட்டப்போகிற பக்கமாக நிலத்தில் கைவைக்கிறான். பத்திரிகையில் நாம் ஊழல் என்று ஒரு வரியில் படித்து முடித்துவிடுவது இங்கே குட்டு வெளிப்பட்டுவிடுமோ என்கிற பயத்தில் ஆரம்பிக்கிறது. நமது நாவல்களில் ஊழல் பேராசையில் ஆரம்பிக்கும். பேராசை சுலபமானது, அதைச் சொல்ல நாவலாசிரியன் வேண்டியதில்லை.

தீர்மானத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள இந்த இடைவெளி என்னை இவ்வளவு பிடித்துக்கொள்ளக் காரணம் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். 1992இன் அரசியல் சட்டத் திருத்தமும் 1994இன் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்றன. 1996இல் எங்கள் ஊர்த் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. அம்மா நின்றாள், ஜெயித்தாள். எனக்கு எட்டு வயது. ஊர் அப்பாவைத் 'தலைவர்' என்று கூப்பிட ஆரம்பித்தது. அம்மாவைத் 'தலைவரம்மா' என்றது, தலைவருடைய சம்சாரம் என்ற அர்த்தத்தில். சட்டம் கொடுத்ததை ஊர் ஒரு ஒட்டுச்சொல்லில் திரும்ப வாங்கிக்கொண்டது.

தெருவிளக்குக்கு வந்த ட்யூப் லைட்டுகள் எங்கள் கட்டிலுக்கடியில் கிடந்தன. பால் வருவதற்கு முன்பே மோட்டார் ஓடவில்லை என்று வாசலில் ஆள் நிற்கும். எங்கள் வீட்டுக் குழாய் இணைப்பு ஊரில் கடைசியாக வந்தது. முதலில் வந்திருந்தால் என்ன பேசியிருப்பார்கள் என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை, குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்கே போய்வந்தாள். செக்கில் தலைவரும் உபதலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போடவேண்டும். உபதலைவருக்கும் அப்பாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை; ஆகவே செக் புத்தகத்தைப் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்வருவது என் வேலை. அவர் வீட்டம்மா எனக்கு முறுக்குக் கொடுப்பாள், அவர் என் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார்.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அம்மா கையெழுத்துப் போட்டுப் பழகினாள். ஆறு மாதம்வரை அப்பா விரல் வைத்த இடத்தில் போட்டாள். பிறகு ஒருநாள் ஒரு காகிதத்தை, 'படிச்சுட்டுப் போடறேன்' என்று அடுப்படிக்கு எடுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு வீட்டில் சமையல் நடந்தது, சாப்பாடு நடக்கவில்லை. எந்தத் தீர்மானம், அதில் யாருக்கு என்ன என்பதெல்லாம் எனக்குத் தெரியும், எழுதப்போவதில்லை. தீர்மான நோட்டில் 'ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது' என்றுதான் இருக்கிறது. அப்பாவை அயோக்கியன் அச்சில் ஊற்றவும் முடியாது. ஐப்பசி மழையில் டார்ச்சும் மண்வெட்டியுமாகப் போய் வாய்க்கால் அடைப்பை எடுத்தவர் அவர்தான். பாங்க் கவுன்டரில் உட்கார்ந்து பெண் தலைவர்களின் கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் புருஷன் நின்றுகொண்டு, 'போடு, போடு' என்பான். எது பழகிய கையெழுத்து, எது படித்துவிட்டுப் போட்ட கையெழுத்து என்பதைக் கண்டுபிடிக்க பாங்க் எனக்குச் சொல்லித்தரவில்லை.

இதை வைத்துக்கொண்டு பார்க்கிறபோது ஹோல்ட்பியின் நாவல் தோற்கிற இடமும் தெரிகிறது. எல்லார் வீட்டுக்கும் போகிற நாவல் ஒரு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றுவிடுகிறது: ஆல்டர்மன் எம்மா பெடோஸின் வீடு. 72 வயதுக் கிழவி. நாவலின் உயிர்நாடி அவள்தான். தாயாரின் சாயல் என்று எல்லாருக்கும் தெரியும். முன்னுரையில் மகள் மறுக்கிறார், மறுத்த கையோடு உங்கள் பேச்சில் சிலவற்றைத் திருடிக்கொண்டேன் என்று ஒத்துக்கொள்ளவும் செய்கிறார். அந்தக் கிழவிக்கு வாய்த்த புருஷன் ஒரு கஞ்சன். முடிந்தது. மனைவி ஆல்டர்மன் என்பது ஒரு மனிதனை என்ன செய்கிறது, அவன் வீட்டில் யாருடைய வார்த்தைக்கு எடை, இதெல்லாம் கஞ்சத்தனம் என்கிற ஒரே குணத்துக்குள் அடைபட்டுப் போகிறது. அதற்கு ஈடாகக் கிழவிக்குக் கார்ன் மேல் ஒரு வாய்விட்டுச் சொல்லாத பிரேமை. அழகாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் எனக்கு அது தப்பித்தல் என்றே படுகிறது. பொது வாழ்க்கையில் இருக்கிற ஒரு பெண்ணின் தனிமையைக் காதல் என்று மொழிபெயர்த்துவிட்டால் வாசகனுக்கும் சுலபம், எழுதுகிறவருக்கும் சுலபம். குப்பைக்கூடையைக் கிளறுகிற மகளோ நாவலில் எங்கும் இல்லை. அம்மா எப்போது வீட்டுக்கு வருவாள் என்று காத்திருந்து, வந்தவளிடம் பேச்சுக்கு இடமில்லாமல், அவள் எறிந்த காகிதத்தைப் படித்து அவளைத் தெரிந்துகொண்ட ஒருத்தியை நான் அந்த எட்டுப் பாகங்களிலும் தேடினேன்.

மகள் இறந்தபிறகு ஆலிஸ் ஹோல்ட்பி இந்தப் புத்தகம் வெளிவராமல் தடுக்கப் பார்த்தார். சிநேகிதியும் இலக்கிய நிர்வாகியுமான வேரா பிரிட்டன் விடாப்பிடியாக நின்று வெளியிட வைத்தார். இலக்கிய சரித்திரம் இதைப் பிரிட்டனின் வெற்றியாக எழுதி வைத்திருக்கிறது. நமது கூட்டத்திலும் தாயாரைக் கலை உணர்வு இல்லாத ஒரு கட்டுப்பெட்டி என்றுதான் சொல்வோம். எனக்கு அவ்வளவு சுலபமாக வாய் வரவில்லை. நகரத்து நாவலில் வருகிற மனிதனுக்குப் பெயரை மாற்றினால் போதும். கவுன்சில் நாவலில் வருகிறவனுக்குக் கதவு எண் இருக்கிறது, குழாய் இணைப்பு இருக்கிறது, அடுத்த கூட்டத்தில் எதிர் நாற்காலி இருக்கிறது. அந்த நாற்காலிக்கு எதிரே போய் உட்காரவேண்டியவர் தாயார், மகள் அல்ல.

எழுதாமல் அரசியலுக்கே போகிற பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. கிராந்தம் என்கிற ஊரில் மளிகைக் கடை வைத்திருந்த ஆல்ஃப்ரெட் ராபர்ட்ஸும் ஓர் ஆல்டர்மன்தான். 1945இல் மேயராகவும் ஆனார். எதிர்க்கட்சிக்குப் பெரும்பான்மை வந்தபின் 1952இல் ஆல்டர்மன் பதவி போயிற்று. 33 வருஷம் கழித்து, 1985இல், டெலிவிஷன் பேட்டியில் அந்த நாளைச் சொல்லும்போது அவருடைய மகள் மார்கரெட் தாட்சர் அழுதார். அப்போது அவர் பிரதம மந்திரி. இரும்புப் பெண்மணியின் கண்ணீர் என்று பத்திரிகைக்காரர்கள் அதைப் பார்த்தார்கள். முனிசிபல் வீட்டில் வளர்ந்தவனுக்கு அதில் வேறொன்று தெரியும்: எம்.பி. தோற்றால் ஊரைவிட்டு வரலாம். ஆல்டர்மன் தோற்றால் மறுநாள் காலை அதே ஜனங்களுக்கு அதே கல்லாவில் உட்கார்ந்து சர்க்கரை நிறுத்துக் கொடுக்கவேண்டும். வீடு முழுக்க அந்தக் காலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆனால் அழுவதற்கு அவருக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒரு கௌரவமான சோகம் மட்டும்தான். சமையலறையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நமது நாவலாசிரியர்களைத் திட்டி ஆரம்பித்தேன், வாபஸ் வாங்கப்போவதில்லை. அனுபவத்தின் உண்மை, உள்ளிருந்து வரும் பார்வை என்று இந்தப் பக்கங்களில் ஓயாமல் கேட்கிறோம். இந்த விஷயத்தில் அந்த அனுபவம் உள்ளவர்கள் தலைவர் வீட்டுப் பிள்ளைகள்தான். 1996இலிருந்து ஒரு தலைமுறை அப்படி வளர்ந்து, படித்து, இப்போது எழுதுகிற வயதில் இருக்கிறது. கட்டிலுக்கடியில் ட்யூப் லைட்டோடு தூங்கியவர்கள் எத்தனையோ பேர். தீர்மான நோட்டின் பாஷையும் அடுப்படியின் பாஷையும் இரண்டும் அவர்களுக்குக் காதில் இருக்கிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாக வைக்கலாம் என்று ஹோல்ட்பி காட்டியிருக்கிறார். தான் பிறந்த வீட்டைத் தவிர்த்துவிட்டுக் காட்டினார் என்பது வேறு.

இந்தப் பத்திரிகை மொத்தம் முந்நூறு பேருக்குப் போகிறது. அதில் ஒருவர் எங்கள் ஊர்க்காரர், உபதலைவர் வீட்டுக்குச் சம்பந்தி முறை. அம்மா இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறாள். பல்பு போடவில்லை என்று இன்றைக்கும் யாராவது வந்து அவளிடமே சொல்கிறார்கள். ஹோல்ட்பி முன்னுரையைத் தாயாருக்குக் கடிதமாக எழுதினார், பதில் வந்தபோது படிக்க அவர் இல்லை. நான் எழுதினால் அடுத்த பஸ்ஸில் பதில் வரும்.