நீக்கப்பட்டும் நீங்காதவை: காணொளி விளையாட்டுகளில் பயன்படுத்தப்படாத உள்ளடக்கமும் மூலபாடச் சிக்கலும்

ஆய்வுச் சுருக்கம்

விற்பனைக்கு வந்த காணொளி விளையாட்டின் தரவுக்குள், ஆடுபவர் எவ்வழியிலும் சென்றடைய இயலாத காட்சிகளும் உரையாடல்களும் உருவங்களும் தங்கிவிடுவதுண்டு. ரசிகர்கள் இவற்றை அகழ்ந்தெடுத்து, படைப்பின் ‘உண்மையான’ வடிவம் எனக் கொண்டாடுகின்றனர். திறனாய்வாளர் சிலரும் அவ்வழியே செல்கின்றனர். இத்தகைய எச்சங்கள் உருவாக்குநரின் முடிவுகளுக்குச் சான்றாகுமேயன்றி மறைந்துபோன மூலபாடம் ஆகா என்பது இக்கட்டுரையின் கருத்து. கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ், தி சித் லார்ட்ஸ், சோனிக் 2, சூப்பர் மாரியோ 64 ஆகியவற்றை முதன்மைச் சான்றுகளாகக் கொண்டு இக்கருத்து ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: காணொளி விளையாட்டு, மூலபாடத் திறனாய்வு, பாடவேறுபாடு, எச்சம், மீட்டுருவாக்கம்.

முன்னுரை

ஏட்டுச்சுவடிப் பதிப்பில் பாடவேறுபாடு தோன்றக் குறைந்தது இரண்டு பிரதிகள் வேண்டும். உ.வே. சாமிநாதையர் தம் பதிப்புகளில் பிரதிபேதங்களை அடிக்குறிப்பில் தந்தபோது, ஒவ்வொரு வேறுபாட்டிற்கும் பின்னே ஒரு தனி ஏடு இருந்தது. அச்சு நூலிலும் நிலைமை பெரிதும் மாறவில்லை. ஆசிரியர் அடித்தெழுதிய கைப்பிரதி ஓரிடத்திலும் வாசகர் கையிலுள்ள நூல் வேறோரிடத்திலும் இருக்கும். அடித்தெழுதப்பட்ட பத்தியை வாசகர் காசு கொடுத்து வாங்குவதில்லை.

காணொளி விளையாட்டில் இந்த இடைவெளி இல்லை. கைவிடப்பட்ட பகுதியும் ஏற்கப்பட்ட பகுதியும் ஒரே வட்டில் அல்லது ஒரே கார்ட்ரிட்ஜில் அடைக்கப்பட்டு ஒரே விலைக்கு விற்கப்படுகின்றன. வாங்கியவர் வீட்டில் அது இருக்கிறது. ஆயினும் அவர் அதனைக் காண்பதில்லை. வரைவு என்றும் வெளியீடு என்றும் பிரித்துப் பழகிய திறனாய்வுக் கலைச்சொற்கள் இந்த இடத்தில் தடுமாறுகின்றன.

எச்சம் தங்குவதேன்?

பெரும்பாலான எச்சங்களுக்குக் காரணம் கவித்துவமானதன்று, பொறியியல் சார்ந்தது. வெளியீட்டுக்குச் சில வாரங்களே இருக்கும்போது ஒரு கோப்பை அழித்தால், அதனைச் சுட்டும் வேறொரு நிரற்பகுதி செயலிழக்கக்கூடும். வாயிலை மூடிவிட்டு அறையை அப்படியே விடுவது பாதுகாப்பானது. பட்டியலில் ஓர் உருப்படியை நீக்கினால் அதற்குப் பின்னுள்ள எண்கள் யாவும் நகரும் என்பதால் அவ்விடம் வெற்றிடமாக விடப்படுவதும் உண்டு.

1996ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜப்பானில் வெளியான முதல் போக்கிமான் விளையாட்டுகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உயிரினங்களின் உள்பட்டியலில் 190 இடங்கள் உள்ளன. அவற்றுள் பயன்பட்டவை 151. எஞ்சிய 39 இடங்களுக்கு ‘மிஸ்ஸிங்நோ’ என்னும் பெயரே இடப்பட்டுள்ளது. நிரற்பிழையொன்றின் வழியே ஆடுபவர் இவ்வெற்றிடத்தை எதிர்கொண்டபோது, அது தனியொரு பேயுருவாகவே நாட்டார் கதைகளில் இடம்பிடித்தது.

அதே விளையாட்டில் மியூ என்னும் உயிரினத்தின் வரலாறு எதிர்த்திசையில் செல்கிறது. பிழைகாண் கருவிகள் நீக்கப்பட்டதால் கிடைத்த சிறிதளவு நினைவகத்தில், இறுதிக் கட்டத்தில் நிரலாளர் ஷிகேகி மொரிமோட்டோ அதனைச் சேர்த்தார். இயல்பான ஆட்டத்தில் அதனைப் பெற வழியில்லை. சில வாரங்களில் கோரோகோரோ இதழ் நடத்திய குலுக்கலில் 20 பேருக்கு மட்டும் அது வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது. கார்ட்ரிட்ஜில் இருந்த ஒரு பைட்டும் இதனால் மாறவில்லை. நேற்றுவரை பயன்படாத உள்ளடக்கமாக இருந்தது, ஓர் இதழ் அறிவிப்பினால் அப்படைப்பின் மிக விரும்பப்பட்ட பகுதியாயிற்று. எனவே ‘பயன்படுத்தப்படாதது’ என்பதைத் தரவின் இயல்பாகக் கொள்ள இயலாது. தரவுக்கும் அதனை அடையும் வழிக்கும் இடையிலான உறவையே அச்சொல் குறிக்கிறது. இந்த உறவை யார் முடிவுசெய்கிறார் என்பதே ஆராயத்தக்க வினா.

வட்டா, ஆட்டமா?

இவ்வினாவுக்கு முதலில் விடை சொல்ல நேர்ந்தவர்கள் திறனாய்வாளர் அல்லர், தரமதிப்பீட்டு வாரியத்தார். ராக்ஸ்டார் நிறுவனத்தின் கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ் 2004 அக்டோபரில் பிளேஸ்டேஷன் 2 கருவிக்கு வெளிவந்தது. கதைத்தலைவன் தன் தோழியின் வீட்டுக்குள் செல்லும் காட்சியில் ஒளிக்கருவி வாசலிலேயே நின்றுவிடும். வீட்டுக்குள் நிகழும் பாலுறவை ஆடுபவரே இயக்கும் ஒரு சிறுவிளையாட்டு முன்னர் உருவாக்கப்பட்டு, பின் முடக்கப்பட்டிருந்தது, ஆனால் அழிக்கப்படவில்லை. 2005 ஜூனில் கணினிப் பதிப்பு வந்தவுடன், ‘ஹாட் காஃபி’ எனப் பெயரிட்ட சிறு மாற்றாக்கம் அதனைத் திறந்துவிட்டது. நிறுவனம் முதலில் இதனை ஊடுருவலாளர் கைவரிசை என்றது. பிளேஸ்டேஷன் வட்டிலும் அதே உள்ளடக்கம் உள்ளமை தெரியவந்ததும் அவ்விளக்கம் நிற்கவில்லை. 2005 ஜூலை 20 அன்று அமெரிக்கத் தரமதிப்பீட்டு வாரியம் அவ்விளையாட்டை 17 வயதிற்கு மேற்பட்டோர் என்னும் பிரிவிலிருந்து வயதுவந்தோர்க்கு மட்டும் என்னும் பிரிவுக்கு மாற்றியது. பெரிய கடைகள் அதனை அலமாரியிலிருந்து அகற்றின.

இந்நிகழ்வு பொதுவாக ஒழுக்கப் பதற்றத்தின் வரலாறாகவே எழுதப்படுகிறது. மூலபாட நோக்கில் அதன் முதன்மை வேறு. படைப்பு என்பது வட்டில் உள்ள அனைத்துமா, ஆட்டத்தில் வெளிப்படுவது மட்டுமா என்னும் கேள்விக்கு வாரியம் ‘வட்டு’ என விடையளித்தது. பூட்டிவைக்கப்பட்ட உள்ளடக்கத்தையும் வெளியீட்டாளர் அறிவிக்க வேண்டும் என அதன்பின் விதி வகுக்கப்பட்டது. நுகர்வோர் பாதுகாப்பு நோக்கில் இம்முடிவுக்கு நியாயம் உண்டு. ஆனால் திறனாய்வாளர் அதே அளவுகோலைக் கையிலெடுப்பது பொருந்தாது. ஒளிக்கருவி வாசலில் நிற்பது ஓர் அழகியல் முடிவு. உள்ளிருந்து கேட்கும் ஒலிகளுடன் சேர்ந்து அது நகைச்சுவையாக இயங்குகிறது. உள்ளே ஒரு காட்சி முன்பு இருந்தது என்னும் செய்தி, அந்தக் கதவு ஏன் மூடியிருக்கிறது என்பதை விளக்க உதவும். கதவைத் திறந்தே படிக்க வேண்டும் என்று அது கட்டளையிடாது.

மாற்றப்பட்டவை

எச்சத்தோடு சேர்த்தெண்ணப்படும் ‘மாற்றப்பட்ட உள்ளடக்கம்’ ஒப்பீட்டளவில் எளியது. வோல்ஃபென்ஸ்டைன் 3டி விளையாட்டின் 1994ஆம் ஆண்டு சூப்பர் நின்டெண்டோ வடிவத்தில் நாஜிச் சின்னங்கள் அகற்றப்பட்டன, காவல்நாய்கள் பெருச்சாளிகளாயின, குருதி வியர்வையாயிற்று. இங்கே இரு பிரதிகள் உள்ளன. ஒப்பிட்டுப் பார்க்கும் பழைய முறையே போதும். நாயைச் சுடுவது கூடாது, பெருச்சாளியைச் சுடலாம் என்னும் நிறுவனக் கொள்கையின் விலங்கியல் தனியாக ஆராயத்தக்கது என்றாலும், கோட்பாட்டு நிலையில் இது புதிய சிக்கல் எதையும் எழுப்பவில்லை.

மீட்டுருவாக்கம் என்னும் பதிப்புப் பணி

அப்சிடியன் நிறுவனம் உருவாக்கி, லூகாஸ்ஆர்ட்ஸ் 2004 டிசம்பரில் வெளியிட்ட ஸ்டார் வார்ஸ்: நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக் 2 – தி சித் லார்ட்ஸ், அவசரமாக முடிக்கப்பட்ட படைப்பு என்பது இன்று பொதுக்கருத்து. கதை நெடுகிலும் ஹெச்கே-50 என்னும் கொலை இயந்திரங்கள் ஆடுபவரைத் தாக்குகின்றன. அவை எங்கு உருவாயின என்பதற்கான தேடல் தொடங்கப்பட்டுக் கைவிடப்படுகிறது. இறுதிக்களமான மலக்கோர் 5இல் கோட்டோ என்னும் இயந்திரம் ஒரு சிறு துணை இயந்திரத்தை வழிமறிக்கும் காட்சி முடிவே இன்றி அறுபடுகிறது. இந்த இடைவெளிகளுக்குரிய உரையாடல்களில் பல, குரல்பதிவுடனேயே வெளியான விளையாட்டின் கோப்புகளில் கிடந்தன. ரசிகர் குழுவொன்று பல்லாண்டு உழைப்பில் அவற்றைப் பொருத்தி மீட்டுருவாக்கப் பதிப்பொன்றை உருவாக்கியது. இன்று இவ்விளையாட்டைப் பரிந்துரைப்போர் பலர் அம்மாற்றாக்கத்தோடு ஆடுமாறே கூறுகின்றனர்.

இப்பதிப்பின் உழைப்பு மதிக்கத்தக்கது. ஆனால் ‘மீட்பு’ என்னும் சொல் அதன் தன்மையை மறைக்கிறது. கோப்புகளில் இருந்தவை துண்டுகள். அவற்றின் வரிசை, இணைப்பு, காட்சியமைப்பு ஆகியவற்றைக் குழுவினரே தீர்மானித்தனர். இயந்திரங்கள் மட்டுமே வாழும் எம்4-78 என்னும் கோளையும் அவர்கள் முதன்மைப் பதிப்பில் சேர்க்கவில்லை. அது தனி மாற்றாக்கமாகவே வெளிவந்தது. எச்சம் முழுவதும் மூலபாடம் என்றால் இதனை விலக்க முகாந்திரமில்லை. விலக்கினர் என்பதே, அவர்கள் செய்தது பதிப்பாசிரியரின் பணி என்பதைக் காட்டுகிறது. தரம், பொருத்தம், முழுமை என்னும் அளவுகோல்கள் அவர்களுடையவை. அப்சிடியன் விட்டுச்சென்ற குறிப்புகள் அல்ல.

மேலும், வெட்டுண்ட வடிவம் தனக்கே உரிய பொருளை ஈன்றிருப்பதையும் மறுக்கவியலாது. ஆடுபவருக்கு ஆசிரியையாகத் தொடங்கி எதிரியாக முடியும் கிரேயா, சாவதற்கு முன் துணைவர்களின் எதிர்காலத்தைக் கூறுகிறாள். வெளியான வடிவத்தில் அத்துணைவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை நாம் பெரும்பாலும் காண்பதில்லை. முழு விளையாட்டிலும் வஞ்சித்தவளின் வாய்ச்சொல் ஒன்றே கையில் எஞ்சுகிறது. நம்பிக்கையும் துரோகமும் பற்றிய கதை ஒன்றில் இதைவிடக் கடுமையான முடிவைத் திட்டமிட்டு எழுதுவது அரிது. இது காலநெருக்கடி விளைவித்ததே எனினும், விளைவு பாடத்தில் இருக்கிறது, அதனைப் படிக்கலாம். ஹெச்கே தொழிற்சாலைப் பகுதி மீட்கப்பட்ட வடிவத்தில் கதைமுடிச்சு அவிழ்கிறது, ஆனால் இறுதியை நோக்கி இறுகிவந்த கதையோட்டம் ஒரு நீண்ட சண்டைக்களத்தில் தளர்ந்துவிடுகிறது என்பது இவ்வாய்வாளரின் கணிப்பு. இவ்விரண்டில் எது சிறந்தது என விவாதிக்கலாம். எது ‘உண்மையானது’ என்னும் விவாதத்துக்கு இடமில்லை. இரண்டும் இரு பதிப்புகள்.

உரிமையாளரே மீட்கும்போதும் இதுவே நிகழ்கிறது. 1992இல் வெளியான சோனிக் 2 விளையாட்டிலிருந்து ‘ஹிடன் பேலஸ்’ என்னும் களம் நீக்கப்பட்டது. அதன் இசை மட்டும் ஒலிச்சோதனைப் பட்டியலில் எஞ்சியது. 2013இல் கிறிஸ்டியன் வைட்ஹெட், சைமன் தாம்லி ஆகியோர் உருவாக்கிய கைப்பேசி வடிவத்தில், மிஸ்டிக் கேவ் களத்தில் முட்கள் நிறைந்த மரணக்குழியாக இருந்த இடமே அக்களத்துக்கு வழியாக்கப்பட்டது. முந்தைய வரைவில் முழுமையடையாதிருந்த களத்துக்கு இதில் இறுதி எதிரியொன்றும் புதிதாகச் சேர்க்கப்பட்டது. 1992இல் இருந்திராத ஒன்றை 1992இன் பெயரால் எழுதியிருக்கிறார்கள். நேர்த்தியான எழுத்துத்தான், ஆயினும் 2013ஆம் ஆண்டின் எழுத்து.

கசிவும் சான்றும்

இறுதியாக, வெளியீட்டுக்குள் இல்லாமல் நிறுவனத்தின் சேமிப்பகத்திலிருந்து திருடப்பட்டு வெளிவரும் தரவை எவ்வாறு கொள்வது? 1996இல் வெளியான சூப்பர் மாரியோ 64 விளையாட்டின் முற்றத்தில் ஒரு சிலைப்பீடம் உண்டு. அதன் மங்கலான எழுத்துகளை ரசிகர்கள் ‘எல் உண்மையே 2401’ என வாசித்து, மாரியோவின் தம்பி லூய்ஜி எங்கோ ஒளிந்திருப்பதாகப் பல்லாண்டு நம்பினர். அதே பரப்புப்படம் 1998இன் ஒகரினா ஆஃப் டைம் விளையாட்டிலும் மறுபயன்பாடாக வருகிறது என்பது அந்நம்பிக்கையைக் குலைக்கவில்லை. 2020 ஜூலையில் நின்டெண்டோவின் உள்கோப்புகள் பெருமளவில் கசிந்தபோது, அவற்றுள் லூய்ஜியின் உருவத்துக்குரிய தரவுகள் கிடைத்தன. ‘நாங்கள் சரியாகவே வாசித்தோம்’ என்றனர் ரசிகர்.

அவர்கள் சரியாக வாசிக்கவில்லை. லூய்ஜியைச் சேர்க்க முயன்று கைவிட்டனர் என்பதற்குக் கசிவு சான்றாகிறது. பீடத்தின் எழுத்து அதனைச் சொன்னது என்பதற்கு எதுவும் சான்றாகவில்லை. உண்மையான முடிவொன்றைத் தவறான வாசிப்பு தற்செயலாக எட்டியிருக்கிறது. விற்கப்பட்ட கார்ட்ரிட்ஜில் அந்த உருவம் இல்லை என்பதால், சான் ஆண்ட்ரியாஸ் வட்டின் எச்சத்தோடு இதனை ஒரே தட்டில் வைப்பதும் பிழை. முன்னது பொதுவில் விற்கப்பட்ட பொருளின் பகுதி. எவரும் தம் பிரதியில் சரிபார்க்கலாம். பின்னது ஒருவர் இசைவின்றி எடுக்கப்பட்டது. இடையில் யார் கை பட்டது என்பதைச் சரிபார்க்க வழி குறைவு. அதே கசிவில் பணியாளர்களின் அகச்செய்திகளும் கலந்திருந்தன. ஆய்வேடுகளில் இவ்விரண்டும் ‘பயன்படுத்தப்படாத உள்ளடக்கம்’ என்னும் ஒரே தலைப்பின்கீழ் மேற்கோளாவது இன்று சாதாரணமாகிவருகிறது. மேற்கோள் காட்டுபவர் எந்தக் கருவிக்குரிய எந்தப் பதிப்பு, எந்த வட்டு அல்லது கோப்பு, அது எவ்வழியே கைக்கு வந்தது என்பதைக் குறிப்பிட வேண்டும். மீட்டுருவாக்கப் பதிப்பை ஆடி எழுதுபவர் அதன் பதிப்பெண்ணையும் தரவேண்டும்.

இது வெறும் முறையியல் நுணுக்கம் எனத் தோன்றலாம். 2022இல் தி சித் லார்ட்ஸ் நின்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்கு வந்தபோது, மீட்கப்பட்ட உள்ளடக்கம் பின்னர் இணைப்பாக வழங்கப்படும் என வெளியீட்டாளர் அறிவித்தார். 2023 ஜூனில் அது கைவிடப்பட்டது. கணினியில் ஆடுபவருக்கு எளிதில் கிடைக்கும் ஒரு முடிவு, அக்கருவியில் ஆடுபவருக்கு இல்லை. ஒரே தலைப்பில் ஒரே ஆண்டில் இருவர் இவ்விளையாட்டைப் பற்றி எழுதினால், அவர்கள் வெவ்வேறு பாடங்களைப் படித்திருக்கக்கூடும். கட்டுரையில் பதிப்பு குறிக்கப்படாவிடில், அதனை அறிய வாசகருக்கு வழியில்லை.