வந்தவருக்குப் பெயர், இருந்தவருக்கு?

வேடந்தாங்கலுக்குச் செல்வோர் வானை நோக்குவர், வயலை நோக்கார். எங்கிருந்தோ பறந்து வந்த பறவைக்குப் பெயர் உண்டு, படம் உண்டு, புகழ் உண்டு. அது அஞ்சுமே என்று தீபாவளி நாளிலும் வெடி வெடிக்காத உழவனுக்கு? பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் அவன் பயிருக்கு உரம். அவன் காக்கும் அமைதி பறவைக்கு அரண். உதவி இருபுறமும் நடக்கிறது. புகழ்வோரோ ஒருபுறத்தையே புகழ்வர்!

கடல் கடந்து சென்று பிணி தீர்க்கும் மருத்துவர்களைப் பற்றிய படங்களைக் காணும்போதெல்லாம் இந்த ஊரே நம் நினைவுக்கு வருகிறது.

1992-இல் வெளிவந்த 'சிட்டி ஆஃப் ஜாய்' படத்தில், மனம் உடைந்த அமெரிக்க மருத்துவர் ஒருவர் கல்கத்தாச் சேரிக்கு வந்து சேருகிறார். அங்கே மருத்துவ நிலையம் நடத்துபவரும் வெள்ளைக்காரப் பெண்மணி. ஓம் பூரி ஏற்ற ரிக்‌ஷாக்காரர் வேடம் உயிருள்ள வேடம்தான்; மறுக்கவில்லை. எனினும் சேரியின் துயரம் எதற்குப் பயன்படுகிறது? அமெரிக்கரின் மனப்புண்ணை ஆற்றும் மருந்தாக! 1835 முதல் மருத்துவக் கல்லூரி உள்ள நகரம் கல்கத்தா. அந்நகரில் ஏழையின் நாடி பார்க்க அயலார் வந்துதான் ஆகவேண்டுமா?

நம் சினம் நியாயமானது. ஆனால் நாம் கதை சொன்னபோது என்ன செய்தோம்?

சீனத்தின்மீது ஜப்பான் படையெடுத்த காலத்தில், 1938-இல், இந்தியத் தேசியக் காங்கிரஸ் மருத்துவர் ஐவரை அங்கே அனுப்பியது. அவர்களுள் ஒருவர் சோலாப்பூரில் பிறந்த துவாரகாநாத் கோட்னிஸ். போர்முனையில் புண்பட்டோருக்குச் சிகிச்சை செய்தார். சீனச் செவிலியர் குவோ சிங்லானை 1941-இல் மணந்தார். 1942 டிசம்பரில், 32-ஆம் வயதில், அங்கேயே மறைந்தார். அத்தொண்டின்முன் தலை வணங்குகிறோம்.

1946-இல் வி. சாந்தாராம் அவ்வாழ்வை இந்திப் படமாக்கினார். கோட்னிசாக அவரே நடித்தார். சீன மங்கையாக நடித்தவர் ஜெயஸ்ரீ. சீனத் தளபதியும் இந்திய நடிகரே! கல்கத்தாவிலும் பம்பாயிலும் சீனர்கள் அன்றே வாழ்ந்தனர். ஆயினும் சீனரின் முகத்தை நம்மவர் ஒப்பனைப் பெட்டியில் தேடினர்.

"அக்காலம் அப்படி" என்பர் சிலர். முகத்திற்கு அந்தச் சமாதானம் பொருந்தலாம். கதைக்கு? கோட்னிஸ் இறந்தது காக்கைவலிப்பால். படமோ, கொள்ளைநோயோடு போராடி அந்நோய்க்கே இரையானவராக அவரைக் காட்டுகிறது. உண்மை மனிதர் போதவில்லை, தெய்வம் தேவைப்பட்டது! தெய்வம் எழுந்தருளும் மேடையில் மற்றவர்களுக்குப் பக்தர் வேடம்தானே மிஞ்சும்? வெள்ளையர் நமக்குத் தந்த வேடத்தை நாம் சீனருக்குத் தந்தோம். அளவுகோல் ஒன்றாக இருக்க வேண்டாமா?

கல்லூரியிலும் அலுவலகத்திலும் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் கேட்டவர்கள் நாம். 1951-இல் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்திற்குக் காரணமான வழக்குகளுள் ஒன்று மருத்துவக் கல்லூரி இடம் பற்றியது. அன்று நாம் கேட்டது கூட்டத்தில் நிற்கும் உரிமையை அன்று. முடிவு செய்யும் இடத்தில் அமரும் உரிமையை. திரையிலும் அதையே கேட்கிறோம். எத்தனை நிறத்து முகங்கள் என்று எண்ணினால் போதாது. யாருக்குப் பெயர் இருக்கிறது, யார் வினா எழுப்புகிறார், யார் மறுத்துப் பேசுகிறார் என்று பார்க்க வேண்டும்.

வேடந்தாங்கல் இருக்கும் இதே செங்கற்பட்டு மாவட்டத்தில் திருமணித் தொழுநோய் மருத்துவமனை இருக்கிறது. அங்கே ராபர்ட் காக்ரேன் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர் பணியாற்றினார். 1947-இல் அவரைக் காண வந்த பால் பிராண்ட், மடங்கிப்போன விரல்களைக் கண்டு வருந்தினார். பின்னர் வேலூரில் அறுவை மருத்துவத்தால் அக்கைகளை நிமிர்த்தினார். பெருமைக்குரிய பணி! ஆனால் 'முற்பிறவிப் பாவம்' என்று ஊர் தூற்றியபோதும், இன்னும் மெய்ப்பிக்கப்படாத சிகிச்சைக்குத் தம் கையை நீட்டினாரே நோயாளி, அவர் துணிவு சிறிதா? புண் கழுவிய பணியாளர் தொண்டு சிறிதா?

திருமணியை ஒருநாள் நம் இளைஞர் எவரேனும் நாடகமாக்கக் கூடும். எழுதுக, வரவேற்கிறோம்! காக்ரேனுக்கும் பிராண்டுக்கும் உரிய இடம் தருக. கை நீட்டிய அந்த மனிதனுக்கும் ஒரு பெயர் தருக. பேச வாய் தருக. வானைப் பார்த்தது போதும், வயலையும் பார்ப்போம்!