எக்டர் லாவோ: இரண்டு கோரஸுக்கு நடுவே

போர்ட்டோ ரிக்கோவின் போன்சே நகரில் 1946இல் பிறந்து, பதினாறு வயதில் நியூயார்க் சென்ற சல்சா பாடகர் எக்டர் லாவோவை அவருடைய துயரங்களைச் சொல்லியே பலரும் நினைவுகூர்கிறார்கள். ஆனால் அவர் கலை சோகத்தில் பிறந்ததல்ல. கோரஸ் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாட, நடுவில் கிடைக்கும் சில நொடிகளுக்குள் புதுவரி புனைந்து, கிளாவே தாளம் பிசகாமல் பாடி முடிக்கும் சாமர்த்தியம் அது. 1967இல் வில்லி கொலோன் இசைக்குழுவோடு முதல் இசைத்தட்டு வந்தபோது அவருக்கு இருபது, இருபத்தொரு வயதுதான். துயரக் கதைகள் பின்னால் வந்தவை.

அவருடைய புகழ்பெற்ற ‘எல் கந்தாந்தே’ பாட்டை எழுதியவர் ரூபன் பிளேட்ஸ் ஆயிற்றே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் பிளேட்ஸும் பெரிய பாடகர். அப்படியிருந்தும் 1978 முதல் அந்தப் பாட்டு லாவோவின் பெயரிலேயே நிற்கிறது. சல்சாவில் எழுதிக் கொடுத்தது பாதி. மீதியைப் பாடகர்தான் மேடையில் சம்பாதிக்க வேண்டும்.