யாப்பும் அச்சும்: குறியீட்டு மொழியிற் பொருளும் தோற்றமும்

கணிப்பொறிக்கென நூல்களைக் குறியிட்டு அமைப்போர் ஒரு கொள்கையை வற்புறுத்துவர். பனுவலின் உறுப்பு இன்னதென உணர்த்தும் குறி வேறு. அவ்வுறுப்பு எவ்வாறு தோன்றவேண்டுமெனப் பணிக்கும் குறி வேறு. இரண்டனையும் கலத்தல் ஆகாது என்பதே அது. 1986இல் அனைத்துலகத் தரமாக வெளிவந்த எஸ்.ஜி.எம்.எல். என்னும் குறியீட்டு மொழி இக்கொள்கையைத் தழுவி எழுந்தது. 1987இல் தோன்றிய டி.இ.ஐ. என்னும் முயற்சி அதனை இலக்கியப் பனுவல்களுக்கு உரியதாக்கிற்று. இக்கொள்கை தமிழ்ச் செய்யுட்கு எத்துணைப் பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

ஏட்டுச் சுவடிகளிற் செய்யுட்கள் பெரும்பாலும் அடிபிரியாமலும் புள்ளியின்றியும் தொடர்ந்தே எழுதப்பெற்றன. அதனால் யாப்பு அழிந்ததில்லை. ஓசையறிந்து படிப்போர் அடியையும் சீரையும் உணர்ந்தனர். இளமையில் அரியலூரிலும் குன்னத்திலும் தமிழ் பயின்ற உ. வே. சாமிநாதையர், 1887இற் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேற்றினார். அச்சு, முன்னரே உள்ள உறுப்புக்களைக் கண்ணுக்குப் புலனாக்கிற்றேயன்றி அவற்றைப் படைத்ததன்று. எனவே கொள்கையின் அடிப்படை நமக்குப் புதியதன்று.

தோற்றத்தை மட்டும் பதிவு செய்வதால் விளையும் கேடும் வெளிப்படை. நேரிசை வெண்பாவின் தனிச்சொல்லுக்கு முன் அச்சில் ஒரு சிறுகோடு இடுவர். அக்கோட்டை மட்டும் பதிந்தால், அது தனிச்சொல்லைக் காட்டுவதோ பிறிதொன்றோ எனப் பொறி அறியாது. ‘பெரிய எழுத்து’ என்று மட்டும் குறித்தால், மூலமும் தலைப்பும் ஒன்றாகிவிடும்.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. பனுவல் என்பது ஒன்றனுள் ஒன்றடங்கும் உறுப்புக்களின் அடுக்கே என்று டெரோஸ் முதலியோர் 1990இல் ஒரு கட்டுரையில் வாதித்தனர். நம் வகையுளி இதற்கு இசையாது. ஒரு சொல்லின் முற்பகுதி ஒரு சீரிலும் எஞ்சியது அடுத்த சீரிலும் நிற்குமிடத்து, சொல் சீருள் அடங்குவதில்லை. சீரும் சொல்லுள் அடங்குவதில்லை. சீர்ப்பகுப்பை வெறும் தோற்றமென்று தள்ளலாமோவெனின், தள்ளலாகாது; தளை அதனைப் பற்றியே நிற்பது. சொற்பகுப்பையும் தள்ளலாகாது, பொருள் அதனைப் பற்றியது. இரண்டும் பனுவலின் உள்ளீடே. ஆகவே குறை, பொருளையும் தோற்றத்தையும் பிரித்ததில் இல்லை. பொருளை ஒரே அடுக்காகக் கொண்டதிலேயே உள்ளது. எல்லைகளை மட்டும் குறித்தலும், ஒரு பகுப்பைப் பனுவலின் புறத்தே வைத்துச் சுட்டுதலும் இதற்கு வழிகளாம். டி.இ.ஐ. நெறிமுறைகளும் இவற்றுக்கு இடந்தருகின்றன.

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர் உழைப்பால் நம் நூல்களை இணையத்தில் ஏற்றிப் பெருந்தொண்டு புரிந்துள்ளது. இனி வேண்டுவது அவற்றின் உறுப்புக்களைக் குறியிடலே. எது சீர், எது சொல், எது உரை, எது மேற்கோள் எனத் துணிதல் பதிப்பாசிரியன் தொழில். அதனைப் பொறிவல்லார் கையில் மட்டும் விட்டுவிடின், யாப்பறியாப் பகுப்பே நிலைபெறும். தமிழாய்வாளர் இப்பணியை மேற்கொள்ளுதல் கடன் என்பது நம் துணிபு.