நடுப்பக்கத்து நாயகர்கள்

1978இல் இந்து குழுமம் தொடங்கிய ‘ஸ்போர்ட்ஸ்டார்’ இதழின் நடுப்பக்க வண்ணப்படங்கள் எத்தனையோ படுக்கையறைச் சுவர்களுக்கு அழகு சேர்த்தவை. இதழுக்குக் கொடுத்த காசுக்கு மேல் செலவே இல்லை. படத்தைப் பிரித்தெடுப்பதிலேயே பக்குவம் தொடங்கிவிடும். இழுத்தால் நடுவில் கிழியும். பின்னின் கால்களை நகத்தால் நிமிர்த்தி, தாளை மெல்லத் தூக்க வேண்டும்.

மைதாவைத் தண்ணீரில் கரைத்து, அடுப்பில் வைத்துக் கண்ணாடிபோல் மினுங்கும்வரை கிளறினால் பசை தயார். சுண்ணாம்பு அடித்த சுவரில் நேராக ஒட்டினால், சுண்ணாம்புப் பொருக்கோடு படமும் உரிந்து வந்துவிடும். நான் மிகவும் மெச்சுவது பழைய தினசரி காலண்டர் அட்டையைத்தான். தாள்கள் தீர்ந்தபின் கெட்டியான அட்டையும், ஆணியில் மாட்டும் துளையும் மிஞ்சும். சட்டத்துக்கு வேலையே இல்லை.

அட்டைக்குத் தக்கபடி படத்தை வெட்டுவதில்தான் ரசனை தெரியும். 1983 உலகக் கோப்பையோடு நிற்கும் கபில்தேவ் என்றால் கோப்பையும் சிரிப்பும் போதும். மட்டை வீசும் படமென்றால், வீசும் திசையில் தாராளமாக வெற்றிடம் விட வேண்டும். பந்து போக இடம் வேண்டாமா? வீரரை நட்டநடுவில் நிறுத்தினால் ஆட்டமே நின்றுவிடும்.

மாட்டக் கால்மாட்டுச் சுவரே உத்தமம், படுத்தபடியே பார்க்கலாம். வெயில் விழும் சுவர் மட்டும் வேண்டாம். மஞ்சளும் சிவப்பும் முதலில் வெளுத்து, நீலம் மட்டும் தங்கிவிடும்.