தகரத்தில் ஒரு வீடு

பெங்களூரு ஈஜிபுராவின் இ.டபிள்யூ.எஸ். குவார்ட்டர்ஸ் 1990களின் தொடக்கத்தில் மாநகராட்சி ஏழைகளுக்காகக் கட்டியது; 42 பிளாக், 1,512 வீடுகள். தமிழ் பேசும் தலித் குடும்பங்கள் அங்கே நிறைய. கட்டுமானம் அவ்வளவு மட்டம். பின்னாளில் பிளாக்குகள் இடிந்து விழத் தொடங்கின. புது வீடு வரும்வரை என்று சொல்லி அங்கிருந்தவர்களைத் தகரக் கொட்டகையில் குடியேற்றினார்கள்.

அந்தக் கொட்டகையை வீடாக்கிய கைகளைத்தான் பாராட்டத் தோன்றுகிறது. ஒரே அறையில் அடுப்பு ஒரு மூலை, சாமி படம் ஒரு மூலை. கூரை பறக்காமலிருக்க மேலே கல்லும் பழைய டயரும். வாசலில் வரிசையாகப் பிளாஸ்டிக் குடங்கள். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தை வைத்தே அன்றைய வேலையெல்லாம். பட்டா இல்லாத தரைக்கு இவ்வளவு பக்குவம் பார்ப்பது சாதாரணக் காரியமில்லை.

ஜனவரி 2013-ல் போலீஸ் காவலோடு அத்தனையும் இடிக்கப்பட்டது. நிலத்தின் ஒரு பகுதி வணிக வளாகத்துக்கென்று தனியாரோடு ஒப்பந்தம். போக்கிடமில்லாத குடும்பங்கள் பக்கத்து நடைபாதையிலேயே படுதா கட்டி, அடுப்பு மூட்டி, வீட்டுவேலைக்குக் கோரமங்களாவுக்குப் போய்வந்தார்கள்.