இருபது இலக்க எண்ணை ரசிப்பது எப்படி?

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்துக்கு ஒரு தானியமணி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என்று ராஜாவிடம் பரிசு கேட்ட கதை எல்லோருக்கும் தெரியும். 64 கட்டங்களுக்கும் சேர்த்து வரும் கணக்கு 18446744073709551615. கதை சொல்பவர்கள் இந்த எண்ணைக் காட்டி நம்மை வாய்பிளக்க வைப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். என்னைக் கேட்டால், பெரிதாக இருப்பது ஓர் எண்ணுக்குப் பெருமையே இல்லை. ஒன்றைக் கூட்டினால் அதைவிடப் பெரியது வந்துவிடுமே! எந்தெந்த எண்களைப் பெருக்கி அது உண்டானது என்று பிரித்துப் பார்ப்பதில்தான் சுவை இருக்கிறது.

முதலில் சும்மா கண்ணை ஓட்டுங்கள். கடைசி இலக்கம் 5. எனவே 5-ஆல் வகுபடும். இலக்கங்களின் கூட்டுத்தொகை 87. எனவே 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. இதற்குமேல் இலக்கங்கள் வாய் திறக்காது. எண் பிறந்த விதத்தைப் பார்க்க வேண்டும். இது 2⁶⁴ – 1. பள்ளியில் படித்த வர்க்க வித்தியாசச் சூத்திரத்தைப் போட்டால் (2³² + 1) × (2³² – 1) ஆகும். இரண்டாவது அடைப்பை மறுபடி அப்படியே உடைக்கலாம். உடைத்துக்கொண்டே போனால் கிடைப்பது:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். 3-ஐயும் 5-ஐயும் பெருக்கி 2 கூட்டினால் 17. அதுவரை வந்த மூன்றையும் பெருக்கி 2 கூட்டினால் 257. வரிசை முழுக்க இதே கதைதான்.

இவை ஃபெர்மா எண்கள். முதல் எண்ணான 3 முதல் 65537 வரை ஐந்தும் பகா எண்கள். அடுத்து வருபவையும் அப்படித்தான் என்று 17-ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா நம்பினார். 1732-ல் ஆய்லர் ஆறாவதை உடைத்தார்: 4294967297 = 641 × 6700417. குருட்டாம்போக்கில் வகுத்துப் பார்த்து அல்ல. இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால் அதை 64-ஆல் வகுக்க மீதி 1 வரவேண்டும் என்று காட்டலாம். அந்த வடிவில் உள்ள பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே மாட்டிக்கொண்டது!

641-க்கு இரண்டு முகங்கள் உண்டு: 5 × 2⁷ + 1 ஒன்று, 5⁴ + 2⁴ மற்றொன்று. 641-ஆல் வகுத்து மீதியை மட்டும் கவனித்தால், முதல் முகப்படி 5 × 2⁷ என்பது –1. அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பது 1. இரண்டாம் முகப்படி 5⁴ என்பது –2⁴. மாற்றி வையுங்கள்: –2³² என்பது 1. அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடும். பெரிய பெருக்கல் ஒன்றுகூட இல்லை. இந்த எண்ணில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

65537-க்குப் பிறகு இன்றுவரை வேறொரு ஃபெர்மா பகா எண் அகப்படவில்லை.

கால்குலேட்டரை ஓரமாக வைத்துவிட்டு, 4294967297-ஐ 641-ஆல் தாளில் வகுத்துப் பாருங்கள். வழியில் 448 என்ற மீதி இரண்டு முறை தலைகாட்டும். முதல் முறை அடுத்து இறங்குவது 9. 4489-ல் 2 மிஞ்சும். இரண்டாம் முறை இறங்குவது 7. 4487-ல் ஒன்றும் மிஞ்சாது.